முதலில் எழுதிக்கொள்ளுங்கள்



பள்ளிக்கூடம் விட்டு வரும் பையனை வழிமறித்து, சாதியைச் சொல்லித் திட்டி அடிக்கிறார்கள். அவன் அப்பா புகார் எழுதிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகிறார். கையில் என்ன கிடைக்கிறது? பல நேரம், புகாரைப் பெற்றதற்கான ஒரு சி.எஸ்.ஆர். ரசீது மட்டும். கூடவே, 'ஒரே ஊர்க்காரங்க, பேசி முடிச்சுக்குங்க' என்ற அறிவுரை.

பேசி முடித்தால் அந்தக் குடும்பத்துக்கு என்ன நஷ்டம்? வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி, பல குற்றங்களுக்கு அரசு நிவாரணத்தில் ஒரு பகுதி எஃப்.ஐ.ஆர். பதிவானதுமே தரப்பட வேண்டும். ஆஸ்பத்திரிச் செலவும் இழந்த கூலியுமாகத் தவிக்கிற வீட்டுக்கு அது பெரிய தொகை. எஃப்.ஐ.ஆர். இல்லையென்றால் அதுவும் இல்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கிலும் அந்தப் பையன் வர மாட்டான். 'எங்க மாவட்டத்துல அந்த மாதிரி பிரச்னையே இல்லீங்க' என்று அதிகாரிகள் சொல்வது இப்படித்தான்.

1989-ல் வந்த இந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பலவீனமானது அல்ல. வழக்குப் பதிய முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்று 2018-ல் திருத்தமே வந்தது. பொய்ப் புகார் வராதா என்கிறீர்களா? வரலாம். அதைப் பிரித்துப் பார்க்கத்தானே விசாரணையும் கோர்ட்டும் இருக்கின்றன?

சாதிக் கொடுமைக்காவது தனிச் சட்டம் இருக்கிறது. மற்ற வெறுப்புக் குற்றங்களின் கதை வேறு. கும்பல் கொலை, வெறுப்புக் குற்றங்கள் பற்றி 2017-ல் காப்பகம் தகவல் திரட்டியது. ஆனால், இந்தக் குற்றங்களுக்கு அப்போது சட்டத்தில் வரையறை இல்லை, தகவல் நம்பகமானதல்ல என்று அது கைவிடப்பட்டது. எனக்கு இது சரியான காரணமாகப் படவில்லை. வரையறை இல்லையென்றால் வகுப்பதுதானே அரசின் வேலை?

பிரிட்டன் வகுத்தது, அதுவும் அடிபட்ட பிறகுதான். 1993-ல் லண்டன் பஸ் ஸ்டாப்பில் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற 18 வயது கறுப்பின இளைஞர் குத்திக் கொல்லப்பட்டார். போலீஸ் விசாரணையைச் சொதப்பியது. அதைப் பற்றி 1999-ல் வந்த மெக்ஃபர்சன் அறிக்கை, பாதிக்கப்பட்டவரோ வேறு யாரோ இனவெறிச் சம்பவம் என்று கருதினால் போதும், போலீஸ் அப்படியே பதிய வேண்டும் என்றது. இன்று அங்கே ஆண்டுதோறும் புள்ளிவிவரம் வெளியாகிறது. ஆனாலும், லாரன்ஸ் வழக்கில் இருவர் தண்டிக்கப்பட 2012 ஆனது. பதிவு செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை.

உங்கள் தெருவில் யாருக்காவது இப்படி நேர்ந்தால், ஸ்டேஷனுக்குத் துணையாகப் போங்கள். சி.எஸ்.ஆரோடு திரும்பாதீர்கள், எஃப்.ஐ.ஆர். நகலைக் கேட்டு இலவசமாக வாங்குங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான கட்டணமில்லா உதவி எண்: 14566.

அன்புடன்,
ஆசிரியர்