பறைக்குக் கைதட்டல், பறையடிப்பவருக்குக் காகிதத் தட்டு

'நம்ம பறை கடல் தாண்டிடுச்சு' என்று ஸ்டேட்டஸ் போடும் தோழர்களே, பறையோடு கடல் தாண்டிய மனிதருக்கு அங்கே என்ன நடந்தது என்று கேட்டிருக்கிறீர்களா?

திண்டிவனம் பக்கத்துச் சேரியைச் சேர்ந்த என் சித்தப்பா, ஒரு தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு அமெரிக்கா போய்வந்தார். தனித்துவமான பண்பாட்டுக் கலைஞர்களுக்கென்றே அங்கே பி-3 விசா இருக்கிறது. ஓட்டல் செலவை மிச்சம்பிடிக்க, போன ஊரிலெல்லாம் யாராவது ஒருவர் வீட்டில் தங்கவைத்தார்கள். அரங்கில் தீ மூட்ட முடியாது. ஹேர் டிரையர் சூட்டில் தோலைக் காய்ச்சி அடித்தார்கள். இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கேட்ட கேள்வியைச் சொல்லும்போது சிரிக்கவில்லை: "திண்டிவனத்துல நீங்க ஊரா, காலனியா?" மறுநாளிலிருந்து குழுவுக்கு மட்டும் காகிதத் தட்டு.

2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. கலிஃபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவையோ அதே ஆண்டு அக்டோபரில் ஆளுநர் நியூசம் நிராகரித்தார். பறைக்கு எழுந்து நின்று கைதட்டியவர்களில் அந்த மசோதாவுக்காக எழுந்து நின்றவர்கள் எத்தனை பேர்? அடுத்த பொங்கலுக்குப் பறையை அழைக்கும் சங்கம், கூலியையும் தங்கும் அறையையும் எழுத்தில் தரட்டும். சாதித் தடைச் சட்டம் வேண்டும் என்று அதே மேடையில் சொல்லட்டும்.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறதாம்? தலித்துகள் நுழைவதைத் தடுத்த தகராறில் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்கு 2023 ஜூனில் சீல் வைக்கப்பட்டது இதே விழுப்புரம் மாவட்டத்தில்தான். சித்தப்பா திரும்பிய மூன்றாம் நாள் ஊர்த்தெருவிலிருந்து ஒரு பையன் பைக்கில் வந்தான். "சாவு விழுந்திருக்கு, மேளத்த எடுத்துக்கிட்டு வாடா."

சித்தப்பாவுக்கு வயது 54. அவர் போகவில்லை. அந்த வாரத்திலிருந்து சித்தியை யாரும் களையெடுக்கக் கூப்பிடுவதில்லை.