வெங்காயச் சாறு வேருக்கு எட்டுமா?

சென்னையில் தாம்பரத்தை ஒட்டிய சேலையூர், செம்பாக்கம், பெருங்களத்தூர் பக்கம் புதிதாகக் குடிவந்தவர் யாராவது முடி கொட்டுகிறது என்று வாய்தவறிச் சொல்லட்டும். லிஃப்ட் தரைத்தளம் வருவதற்குள் நோய்க்குக் காரணமும் மருந்தும் கையில் கிடைத்துவிடும். “போர் தண்ணிதான் காரணம். வெங்காயத்த அரைச்சுப் பிழிஞ்சு தடவுங்க. சாப்பிடுற பொருள்தானே, ஒண்ணும் பண்ணாது. நம்ம பாட்டியெல்லாம் இதத்தானே செஞ்சாங்க?” இந்தப் பேச்சில் பாதி உண்மை இருப்பது தண்ணீரைப் பற்றிய இடத்தில்தான். அங்கிருந்தே தொடங்கலாம்.

தென் புறநகரின் ஆழ்துளைக் கிணற்று நீர் பல தெருக்களில் கடின நீர். வாளியின் விளிம்பிலும் ஷவரின் துளைகளிலும் படியும் வெள்ளைக் காரையைப் பார்த்தாலே தெரியும். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்தால் கரையாத பிசுக்காகி முடிமேல் உட்காரும். முடி சொரசொரக்கும், சீப்பு இழுக்கும், சில இழைகள் நடுவில் அறும். தண்ணீரின் கைவரிசை இவ்வளவுதான். சீப்பில் வந்த முடியின் ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால், அது வேரோடு கழன்றது. மண்டைத்தோலுக்குள் நடந்த காரியத்துக்கு மேலே ஊற்றிய தண்ணீரைக் குற்றம் சொல்ல முடியாது. கடின நீர் முடியின் வலுவைக் குறைக்கிறதா என்று 2013-ல் கோயம்புத்தூர் மருத்துவர்கள் பார்த்தார்கள். சொல்லும்படியான வேறுபாடு இல்லை. 2018-ல் வெளியான பாகிஸ்தான் ஆய்வு ஒன்றில் ஆண்களின் முடி வலுவிழந்தது. முடிவுகள் முரண்பட்டாலும், இரண்டும் அளந்தது முடி அறுவதை, உதிர்வதை அல்ல.

அப்படியானால் ஊரில் அடர்த்தியாக இருந்த முடி தாம்பரம் வந்த பிறகு ஏன் கொட்டுகிறது? ஊர் மாறும்போது தண்ணீர் மட்டுமா மாறுகிறது? ஹாஸ்டல் சாப்பாடு, மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்து இரவுப் பணி, மழைக்காலத்துக் காய்ச்சல் எல்லாம் சேர்ந்தே வருகின்றன. கடும் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி டயட் ஆகியவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். காரணம் விலகிவிட்டால், பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாகவே நிற்கும். வெங்காயம் பேர் வாங்குவது இந்த இடைவெளியில்தான். பயந்துபோய்ச் சாறு பிழியத் தொடங்குகிறார்கள். சில மாதத்தில் கொட்டுவது நிற்கிறது. புகழ் வெங்காயத்துக்குப் போகிறது. ஆனால் இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டு கோளாறும் அப்படித் தானாக நிற்பவை அல்ல. ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும் அந்தக் குறையை வெங்காயச் சாறு மாதக்கணக்கில் மறைத்துவைக்கும்.

“வெங்காயத்துக்கு ஆராய்ச்சியே இருக்கு” என்பார்கள். இருக்கிறது. 2002-ல் வெளியான பாக்தாத் மருத்துவர்களின் ஆய்வு; மொத்தம் 38 பேர். அவர்களுக்கு இருந்தது புழுவெட்டு: வட்ட வட்டமாக முடி போகும் நோய். பலருக்கு அது சும்மா விட்டாலும் முளைக்கும். அதைக் கொண்டுவந்து பரம்பரை வழுக்கைக்கும் காய்ச்சலுக்குப் பின் வரும் உதிர்வுக்கும் சான்றாக்குவது நியாயமில்லை.

அடுத்து, ‘சாப்பிடுகிற பொருள்தானே’ என்ற சமாதானம். வயிறு ஏற்பதையெல்லாம் தோலும் ஏற்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. எலுமிச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அமிலத்தன்மை பி.எச். அளவில் ஏறக்குறைய 2. தோலின் மேற்பரப்பு 5-ஐ ஒட்டியது. அதுகூடப் பெரிதில்லை. எலுமிச்சையில், முக்கியமாக அதன் தோலில், வெயில் பட்டதும் விழித்துக்கொள்ளும் ஃபியூரோகூமரின் என்ற வேதிப்பொருள் உண்டு. நாம் சர்பத்துக்குப் பிழியும் சின்ன எலுமிச்சை இந்த விஷயத்தில் பேர்போனது. மூடியை முகத்தில் தேய்த்துவிட்டு ஜி.எஸ்.டி. சாலை வெயிலில் வண்டி ஓட்டினால், ஓரிரு நாளில் சிவந்து எரியும், சிலருக்குக் கொப்புளிக்கும், பிறகு அந்த இடம் கறுத்து வாரக்கணக்கில் நிற்கும். கருமை போகவென்று பூசியது கருமையைக் கொண்டுவந்து சேர்க்கிறது. (கருமை ஏன் போக வேண்டும் என்பதைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை, அது தனிச் சண்டை.) பூண்டு விழுதை வைத்துக் கட்டித் தோல் வெந்துபோனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன.

ஜப்பானில் நடந்தது இன்னும் யோசிக்கவைக்கும். அங்கே பிரபலமான தேயிலைச் சோப்பு ஒன்றில் சிதைத்த கோதுமைப் புரதம் சேர்த்திருந்தார்கள். நேற்றுவரை ரொட்டி தின்றவர்களுக்கு, அந்தச் சோப்பால் முகம் கழுவிய பிறகு கோதுமையே ஒவ்வாமல் போனது. 2011-ல் சோப்பைத் திரும்பப் பெற்றார்கள். பாதிக்கப்பட்டவர்கள் 2,000 பேருக்கு மேல். அது ஆலையில் அமிலம் கொண்டு சிதைத்த புரதம், நம் வீட்டுக் கோதுமை மாவு அல்ல. ஆனாலும் தோல் வழியாக உணவுக்கு ஒவ்வாமை உண்டாகக்கூடும் என்பது அதில் நிரூபணமானது. கரப்பான் வந்து தோல் வெடித்திருக்கும் குழந்தைக்குக் கடலை மாவு, பால், முட்டை என்று கைக்கு வந்ததைத் தேய்ப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

பாட்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. அவர் சீயக்காயும் அரப்பும் தேய்த்தார். கெட்டிக்காரத்தனம், சோப்பைப் போல அவை கடின நீரில் பிசுக்காவதில்லை. தலை அலசிய பின் ஒரு சொம்புத் தண்ணீரில் சில துளி எலுமிச்சை விட்டு ஊற்றினால் சோப்புப் படிவு விடும். அதுவும் சரியான வேதியியல்தான், அடுத்த சொம்பு நல்ல தண்ணீராக இருந்தால். தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003-ல் மும்பையிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிக்கோ நிறுவனத்தார். இருந்தாலும் முடிவை நான் நம்புகிறேன். பொடுகு இருப்பவருக்கு மட்டும் எண்ணெய் வேண்டாம், பொடுகுக்குப் பின்னாலுள்ள பூஞ்சைக்குக் கொழுப்புதான் சாப்பாடு. சமையலறைப் பொருள்கள் கழுவும், பூசும், வழவழப்பாக்கும். வைத்தியம் பார்க்கச் சொல்லும்போதுதான் வம்பு.

பாட்டி வைத்தியத்தைச் சித்த மருத்துவம் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. 2005-ல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனம் தாம்பரம் சானடோரியத்திலேயே இருக்கிறது. சித்த மருத்துவத்தில் மூலப்பொருளுக்குச் சுத்தி முறை உண்டு. தைலத்துக்குக் காய்ச்சும் பதம் உண்டு. நாடி பார்த்து, ஆளைப் பார்த்துக் கொடுப்பார்கள். மிக்ஸி ஜாரில் அடித்ததை அந்தக் கணக்கில் எழுதக் கூடாது.

கடைசியாக, ‘இயற்கை’ என்று பாக்கெட்டில் வரும் கறுப்பு மருதாணி. மருதாணி தனியாக ஆரஞ்சுச் சிவப்பைத்தான் தரும். அதன்மேல் அவுரி போட்டால் கறுக்கும், ஆனால் பொறுமை வேண்டும். அரை மணி நேரத்தில் தலை கன்னங்கரேலென்று ஆகிவிட்டால், அநேகமாக உள்ளே பி.பி.டி. எனப்படும் பாராஃபீனிலின்டையமின் இருக்கிறது. தலை வீங்கி, கண் மூடிப்போகிற அளவுக்கு ஒவ்வாமை தரக்கூடிய சாயம் அது. பாக்கெட்டின் முன்பக்கம் இலை படம் போட்டிருக்கும். பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள்; முதலில் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து 48 மணி நேரம் காத்திருங்கள்.