எழுவாய் இல்லாத செய்திகள்

"இரு பிரிவினரிடையே மோதல். போலீஸ் குவிப்பு. பதற்றம்." சேரி அடிபடும் ஒவ்வொரு முறையும் மாவட்டச் செய்திப் பக்கத்தில் வருவது இதுதான். பிரிவு இரண்டு, சரி. எந்தெந்தப் பிரிவு? அடிச்சவன் யாரு, அடிபட்டவன் யாரு? குடிசை எந்தப் பக்கம் எரிஞ்சுது? ஒன்றும் இருக்காது. ஊர் வந்து சேரியை அடிப்பதை 'மோதல்' என்று எழுதினால், இரண்டு பேரும் சரிக்குச் சரி நின்று சண்டை போட்டதாகத்தான் வாசிக்கிறவன் நினைப்பான். இதைக் கவனக்குறைவு என்று விட்டுவிட முடியாது. இது சாதியின் மொழி.

நான் ஒரு தினசரிக்குத் தாலுகா பகுதிநேர நிருபராக ஆறு வருஷம் செய்தி அனுப்பியவன். இந்த மொழி தயாராகிற இடம் எனக்குத் தெரியும். காலையில் ஸ்டேஷனுக்குப் போய் ரைட்டரிடம் "இன்னிக்கு என்ன சார் இருக்கு?" என்று கேட்க வேண்டும். அவர் சொல்வார், நாங்கள் எழுதிக்கொள்வோம். ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதினால் 'நடுநிலை'. சேரிக்குப் போய்க் கேட்டு எழுதினால் 'ஒருதலைப்பட்சம்'. சம்பளம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, விளம்பரம் பிடித்தால் கமிஷன். திருவிழா வாழ்த்தும் தலைவர் பிறந்தநாள் வாழ்த்தும் கொடுக்கிறவன் யார்? ஊர்ப் பெரிய மனுசன், கான்ட்ராக்டர், ஒன்றியச் செயலாளர். இவர்களைப் பகைத்துக்கொண்டு எந்த நிருபன் எழுதுவான்?

தனி டம்ளர் எதுக்கு என்று டீக்கடையில் கேட்ட நம்ம பையனை அடித்தார்கள். அடித்தவர்கள் இன்ன சாதி என்று போட்டே எழுதி அனுப்பினேன். மறுநாள் 'டீக்கடையில் தகராறு: வாலிபர் காயம்' என்று நாலு வரி வந்தது. கேட்டால், "சாதியைப் போட்டா கலவரம் வரும்ப்பா" என்று பதில். சாதியைச் சொல்லி அடிக்கலாம், சாதியைச் சொல்லி எழுதக் கூடாது! வன்கொடுமை வழக்குக்கு அடிப்படையே, அடிபட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடி, அடித்தவர் அப்படி அல்லாதவர் என்பதுதானே. அதை மறைத்துவிட்டால் வன்கொடுமை வெறும் தகராறாகிவிடுகிறது. ஸ்டேஷனுக்கும் அதுதானே வேண்டும். எதிர்த்தரப்பிடம் ஒரு புகார் வாங்கி நம் பையன் மேலும் கேஸ் போட்டுவிட்டு, "ரெண்டு பேரும் சமாதானமாப் போயிடுங்க" என்பார்கள்.

போலீசே அடித்தால் இன்னும் சுலபம். 1999 ஜூலை 23, திருநெல்வேலி. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் அலுவலகம் நோக்கிப் போன ஊர்வலத்தைப் போலீஸ் தடியால் அடித்து விரட்டியது. ஒரு குழந்தை உட்பட 17 பேர் தாமிரபரணியில் மாண்டார்கள். 'ஆற்றில் மூழ்கி' என்ற சொல்லை அரசு பிடித்துக்கொண்டது. மூழ்கினார்கள் சரி, ஆத்துக்குள்ள விரட்டுனது யாரு?

வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று நடந்ததற்கு வைத்த பெயர் 'சந்தனக் கட்டை சோதனை'. வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் சேர்ந்து ஒரு பழங்குடி ஊரைச் சூறையாடின. 18 பெண்கள் வன்புணர்ச்சிக்கு ஆளானார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று கோர்ட் சொன்னது 2011இல். ஐகோர்ட் அதை உறுதி செய்தது 2023இல். 'சோதனை' என்ற ஒரு சொல்லை உடைக்க அந்த மக்களுக்கு 19 வருஷம் ஆனது.

உள்ளூர்ச் செய்தி எழுதுகிறவருக்குக் கேள்விகளா இல்லை? 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அதன் விதிகளுமே கேள்வித்தாள்தான். டி.எஸ்.பி.க்குக் குறையாத அதிகாரி விசாரித்தாரா? கலெக்டரும் எஸ்.பி.யும் சேரிக்கு வந்து பார்த்தார்களா? 7 நாளில் உடனடி நிவாரணம் வந்ததா? 60 நாளில் குற்றப்பத்திரிகை போட்டார்களா? மாவட்டக் கண்காணிப்புக் குழு 3 மாதத்துக்கு ஒருமுறை கூடியதா? கடமை தவறும் அதிகாரிக்கு 6 மாதம் முதல் 1 வருஷம் வரை சிறை என்கிறது 4ஆம் பிரிவு. 61ஆம் நாள் டி.எஸ்.பி. முன்னால் போய் நின்று இதைக் கேட்ட ஒரு நிருபரை என் ஆறு வருஷத்தில் நான் பார்க்கவில்லை.

அவர்கள் கேட்க மாட்டார்கள். நாம் கேட்போம். பத்திரிகை நமக்குப் புதுசா என்ன? 1893இல் ரெட்டமலை சீனிவாசன் 'பறையன்' நடத்தினார். 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். 1920இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' கொண்டுவந்தார். அடுத்தவன் பத்திரிகையில் இடம் கேட்டுக் காத்திருக்கவில்லை அவர்கள்.

படித்த பிள்ளைகள் ஒவ்வொரு சேரியிலும் ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, நேரம், அடித்தவர், அடிபட்டவர், புகார் வாங்கியவர், வாங்க மறுத்தவர் எல்லாம் அதில் ஏறட்டும். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தரச் சொல்கிறது சட்டம், கேட்டு வாங்குங்கள். 61ஆம் நாள் நோட்டோடு ஸ்டேஷன் வாசலில் போய் நில்லுங்கள். சொல்கிற பதிலை, சொன்னவர் பதவியோடு, அப்படியே எழுதி அச்சில் ஏற்றுங்கள்.