நுதலென்பு எது?

தேற்றாத்தீவிற்குக் கிழக்கே கடல். மேற்கே மட்டக்களப்பு வாவி. அவ்வாவியிற் பிடிபட்ட கொடுவாவின் தலையோட்டை ஆராயும் மாணவன், கண்களுக்கிடையே கிடக்கும் தட்டென்பை நுதலென்பு எனக் குறித்துக்கொள்வான். பாடநூல்களும் அவ்வாறே கூறுகின்றன. அது பிழை.

மனிதனின் நெற்றியென்புக்கு இட்ட பெயரை, இடம் ஒத்திருப்பதைக் கொண்டு மீனின் தலையிலும் ஒட்டிவிட்டனர். மீனின் 'நுதலென்பு' நாற்கால் முள்ளந்தண்டுளிகளின் சுவரென்புக்கே அமைப்பொத்தது என வெஸ்டோல் 1943 இல் நிறுவ முற்பட்டார். ஆய்வாளர் பெரும்பாலோர் இன்று அதனை ஏற்கின்றனர். 80 ஆண்டுகள் கடந்தும் பெயர் மட்டும் அசையவில்லை.

பெயர் எதுவாயினும் என்ன என்பார் உளர். அவர்கள் முதலையின் தாடையை நோக்குவாராக. அதன் கீழ்த்தாடை ஒவ்வொரு பக்கத்தும் பல என்புகளாலானது. மனிதனின் சிபுகமோ ஒரே என்பு. ஏனையவை எங்குச் சென்றன? முதலையின் தாடைமூட்டை ஆக்கும் இரண்டு என்புகளும் முலையூட்டிகளின் நடுச்செவியில் சம்மட்டியுருவாகவும் பட்டடையுருவாகவும் அமைந்துள்ளன. பன்றியின் முளையங்களை ஆராய்ந்து ரைக்கேட்டு இவ்வுறவை 1837 இலேயே எடுத்துக்காட்டினார். மனிதப் படத்தை அருகில் வைத்துப் பெயர் ஒட்டுபவன் தாடையைச் செவிக்குள் தேடுவானா? தேடான்.

குறை பட்டியல்களின் அமைப்பிலேயே உள்ளது. பாசல் நகரில் 1895 இல் மனிதனுக்கு ஒன்று. 1968 இல் வீட்டு விலங்குகளுக்கு ஒன்று. 1979 இல் பறவைகளுக்கு வேறொன்று. இனங்களை இணைக்கும் ஊபெரன் என்னும் கணினித் தொகுப்பு மிகப் பிந்தியே வெளிவந்தது.

தமிழிலும் இதே கதை. மானிப்பாயிற் பணியாற்றிய கிறீன் வைத்தியர் திருத்தி, 1872 இல் வெளிவந்த நூலின் பெயரே 'மனுஷ அங்காதிபாதம்'. காரைதீவு தந்த விபுலானந்த அடிகள் 1936 இற் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1938 இற் 'கலைச்சொற்கள்' வெளிவந்தது. சொல் தேடிய அத்தலைமுறையின் உழைப்பு போற்றற்குரியது. பின்வந்தோரோ சொல்லைப் பெருக்கினர். சொற்களுக்கிடையே உள்ள உறவை எழுதினாரல்லர்.

அமைப்பொப்புமை பற்றிய கருத்துகள் மாறக்கூடியவை, அவற்றை நம்பிப் பெயரிட்டால் நாளை மீண்டும் மாற்ற நேரும் என்பது ஒரு தடை. பொருளுள்ள தடையே. ஆயின் அது உறவைப் பெயருக்குள் புதைப்பதற்கு எதிரான வாதமேயன்றி, உறவைப் பதிவதற்கு எதிரானதன்று. கொடுவாவின் அத்தட்டுக்குக் கண்ணிடைத்தட்டு எனத் தனிப்பெயரிட்டு, எதிரே 'சுவரென்பு. வெஸ்டோல், 1943' என ஒரு வரி குறித்தால், கருத்து மாறும்போது அவ்வரியை மட்டும் அடித்தெழுதலாமே. அதற்குத் தடை யாது?