இறந்தவன் வீட்டில் யார் இருந்தார்கள்?

ஆனைக்குட்டத்தில் நமக்கு வேண்டியவர் வீடு ஒன்று உண்டு. போன ஞாயிற்றுக்கிழமை அருச்சுனா நதியின் அணைப்பக்கம் சற்றுக் காற்று வாங்கிவிட்டு அங்கே போய்ச் சேர்ந்தோம். கூடத்தில் தொலைக்காட்சி முழங்கிக் கொண்டிருந்தது. கதாநாயகன் கூலிக்கு ஆளைக் கொல்லுகிறவன். தலை நரைத்த பிறகு ஒரு ஸ்திரீயிடம் பிரியம் உண்டாகி, கத்தியைக் கீழே வைக்க ஆசைப்படுகிறான். பையன்கள் அவன் குத்தியபோதும் விசிலடித்தார்கள், காதலித்தபோதும் விசிலடித்தார்கள்!

மூலையில் உட்கார்ந்திருந்த பாட்டியம்மாள் மட்டும் நம்மைப் பார்த்து, "அது சரி வாத்தியாரய்யா, இவன் கொன்னானே, அந்த ஆளு வீட்டுல யாரு இருந்தாங்க?" என்று கேட்டார்.

நம்மால் பதில் சொல்ல முடியவில்லை. படத்தில் அந்த வீட்டைக் காட்டவே இல்லை.

இது பட்டாசுச் சீமை. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஒரு மனிதன் போய்விட்டால் அடுப்பு எப்படி அணையும், பிள்ளையின் படிப்பு எப்படி நிற்கும் என்பதை இவ்வூர்ப் பக்கத்துப் பெண்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆகையினால்தான் பாட்டியம்மாளின் கண் கதாநாயகனைத் தாண்டிப் போயிற்று.

தமிழ்ப் படங்கள் எல்லாமே அந்த வீட்டை மறந்துவிட்டன என்று நாம் சொல்ல மாட்டோம். 2013இல் மிஷ்கின் எடுத்த 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' படத்தில், கூலிக்கொலைகாரன் ஒருவன் தவறுதலாக ஒரு நிரபராதியைக் கொன்றுவிடுகிறான். பிறகு, இறந்தவனுடைய கண் தெரியாத குடும்பத்தைத் தானே தாங்குகிறான். அவன் மனத்தில் அன்பு பிறந்த இடமே அந்த வீடுதான். பாட்டே இல்லாத அந்தப் படத்தில் காதல் காட்சியும் கிடையாது. ஆனாலும் அவன் மனமாற்றத்தை நாம் நம்புகிறோம்.

1985இல் பாரதிராஜா அளித்த 'முதல் மரியாதை'யையும் நினைத்துப் பாருங்கள். சிவாஜி கணேசன் நடித்த ஊர்ப் பெரியவருக்கும் ஓடக்காரப் பெண் குயிலுக்கும் உள்ள நேசம் காலங்கடந்து பூத்தது. பெரியவரின் மானத்தைக் காக்கக் குயில் ஒருவனைக் கொன்றுவிடுகிறாள். ஆனால் காதலைக் காரணம் காட்டித் தப்பித்துக் கொள்ளவில்லை, சிறைக்குப் போகிறாள். அதனாலேயே அந்த அன்புக்கு ஒரு கௌரவம் உண்டாயிற்று.

நம் தேசத்தின் சரித்திரமும் இதையே சொல்லுகிறது. சம்பல் பள்ளத்தாக்கின் கொள்ளைக்காரர்கள் 1960இல் வினோபாஜியின் முன்னிலையிலும், 1972இல் ஜயப்பிரகாஷ் நாராயணரின் முன்னிலையிலும் ஆயுதங்களை வைத்துச் சரணடைந்தார்கள். அன்பினால் அழைக்கப்பட்டவர்கள்தாம் அவர்கள். ஆயினும் அன்பு கிடைத்துவிட்டதே என்று வழக்கும் தண்டனையும் இல்லாமல் போய்விடவில்லை. பலர் சிறைவாசம் அனுபவித்த பிறகே புது வாழ்வு தொடங்கினார்கள்.

கிழவனுக்குக் காதல் எதற்கு என்று நாம் கேட்கவில்லை. நரைத்த பிறகு துணை தேடுவது பாபமா என்ன? நம் தெருவில் கணவனை இழந்த ஐம்பது வயதுப் பெண் ஒருவரோடு சிரித்துப் பேசினாலே ஊர் வாயை மூட முடிவதில்லை. ஒரு குற்றமும் செய்யாத அவளுக்கு மறுக்கிற மன்னிப்பை, ஊரையே அழித்தவனுக்குத் திரையில் கைதட்டி வழங்கிவிடுகிறோம்! இந்த விசித்திரத்தைத்தான் யோசிக்கச் சொல்லுகிறோம்.

பையன்களைப் படம் பார்க்காதே என்று தடுப்பதில் பிரயோஜனமில்லை. கூடவே உட்கார்ந்து, படம் முடிந்ததும் பாட்டியம்மாளின் கேள்வியை அவர்களிடம் ஒரு தடவை கேட்டால் போதும். நாம் மறுநாள் வகுப்பில் கேட்டுப் பார்த்தோம். முந்தின நாள் விசிலடித்தவர்களில் ஒருவன் வெகு நேரம் யோசித்துவிட்டு, "அம்மா இருந்திருப்பாங்க, சார்" என்றான்.