மலைக்குத் தெரிந்த மழையும் சந்தைக்குத் தெரிந்த விலையும்

நீர்ப் பங்கீட்டில் தகராறு எழுந்தால் நமது குடியானவர்கள் வாய்க்காலைப் பார்க்கிறார்கள். விற்பனையில் நஷ்டம் வந்தால் தராசைப் பார்க்கிறார்கள். வாய்க்கால் தூர்ந்திருப்பதும் தராசு சாய்ந்திருப்பதும் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் இவ்விரண்டு இடங்களிலும் கண்ணுக்குத் தெரியாத பொருளொன்று கைமாறிக்கொண்டே இருக்கிறது. அது செய்தி. மதகு எந்நாள் திறக்கப்படும், எத்தனை நாள் ஓடும், இன்று கிழங்கு என்ன விலை, நாளை நூல் என்ன விலை என்பவற்றை முதலில் அறிந்தவர் முதலில் பயனடைகிறார்; பின்னர் அறிந்தவர் மிச்சத்தைப் பெறுகிறார். நீரையும் சரக்கையும் பொதுவில் வைத்து நடத்த முன்வந்த கூட்டுறவாளராகிய நாம், செய்தியை மட்டும் அவரவர் சாமர்த்தியத்திற்கு விட்டுவைத்திருப்பது பொருந்துமா என்பதே ஈண்டு நாம் எழுப்ப விரும்பும் கேள்வி.

கல்வராயன் மலையில் உற்பத்தியாகிக் கச்சிராயபாளையத்தினருகே அணையில் தங்கி வரும் கோமுகி நதியை எடுத்துக்கொள்வோம். அணையின் உயரம் 46 அடி. நிறைந்தால் கொள்ளும் நீர் 560 மில்லியன் கன அடி. ஆற்றின் பழைய பாசனம் 5,860 ஏக்கரும், கால்வாயின் புதிய பாசனம் 5,000 ஏக்கருமாக 10,860 ஏக்கர் அதனை நம்பியிருக்கின்றன. அங்கத்தினர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். நிறைந்த அணையின் நீர் ஒரு சொட்டும் வீணாகாமல் வயல் வந்து சேர்வதாகக் கொண்டாலும், ஒருமுறை நிறைந்த நீர் அத்தனை ஏக்கரிலும் ஓரடி இரண்டங்குல ஆழத்திற்குத்தான் நிற்கும். நெற்பயிர் ஒன்று விளைந்து முடிய ஏறத்தாழ நாலடி நீர் வேண்டும். எஞ்சியதை வானமும் கிணறும் ஏரியுந்தான் தரவேண்டும். இத்தகைய சிறு அணையின் கீழ் வாழ்பவர்க்கு நீர் எவ்வளவு அவசியமோ, அது எப்போது வரும், எப்போது நிற்கும் என்ற முன்னறிவும் அவ்வளவு அவசியம்.

மதகு திறக்கும் நாளைப் பத்து நாள் முன்னே அறிந்த தலைமடைக்காரர் நாற்றங்காலை ஆயத்தம் செய்துவிடுகிறார். கடைமடைக்காரரோ வாய்க்காலில் நீர் வந்த பிறகே விதையைத் தேடிப் போகிறார். நடவு பதினைந்து நாள் பிந்துகிறது; கதிர் பால் பிடிக்கும் தருணத்தில் மதகு அடைபடுகிறது. அவருக்குரிய பங்கு நீர் மறுக்கப்பட்டது என்று எவரும் சொல்ல இயலாது. செய்தி பிந்திற்று, அவ்வளவே. ஆனால் களத்தில் நெல் குறைகிறது.

ஏரிப் பாசனத்தில் நம் முன்னோர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தனர். நீர்க்கட்டி என்றும் கம்புகட்டி என்றும் ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும், மடையைத் திறப்பதும் அடைப்பதும், யார் வயலுக்கு எந்நேரம் முறை என்று சொல்வதும் ஒருவர் பொறுப்பாயிருந்தன. ஊரார் அனைவரும் அறியவேண்டியது இருந்தால் தண்டோராப் போடப்பட்டது. பறை முழங்கினால் நிலக்கிழாருக்கும் குத்தகைக்காரருக்கும் ஒரே வேளையில் காதில் விழும். அதன் நன்மை அது. அதன் தீமையும் நாம் அறிந்ததே: அந்தப் பறையை ஒரு வகுப்பாரின் தோளில் ஏற்றி, அதையே இழிவாக்கியும் வைத்திருந்தது நமது சமூகம். 2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டு அரசாங்கம் தண்டோராப் போடும் வழக்கத்தை நிறுத்தி, ஒலிபெருக்கி வாயிலாக அறிவிக்கும்படி பணித்தது. நெடுநாள் முன்னரே செய்திருக்க வேண்டிய காரியம்.

பறை போயிற்று, அதன் இடத்திற்கு ஒலிபெருக்கி எல்லா ஊருக்கும் வந்து சேர்ந்ததா? பல இடங்களில் வந்திருப்பது வாட்ஸப் குழுவே. அதனை நாம் குறை கூறவில்லை; கையடக்கமான சாதனம், செலவும் சொற்பம். ஆனால் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பட்டா எவர் பெயரில் இருக்கிறதோ அவர் இருக்கிறார். சென்னையில் குடியேறிவிட்ட நிலச் சொந்தக்காரர் கூட இருக்கிறார். அந்நிலத்தைக் குத்தகைக்கு உழுபவர் இல்லை. அன்றாடம் வரப்பில் நின்று நீர் பாய்ச்சும் பெண்மணியும் பெரும்பாலும் இல்லை. 2000-ஆம் ஆண்டின் பாசன முறைகளை விவசாயிகளே நிர்வகிக்கும் சட்டம் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களை அமைக்க வழி செய்தது. சங்கத்தில் பேச உரிமை பெற்றும், பேசவேண்டிய விஷயம் முன்கூட்டித் தெரியாதவர் கூட்டத்தில் என்ன பேசுவார்?

தெரிவிக்கும் முறையிலும் ஒரு கோளாறு உண்டு. ‘நீர்மட்டம் 38 அடி’ என்று அறிவித்துவிட்டால் கடமை முடிந்ததாக நினைக்கிறோம். அணையோ கிண்ணம் போல மேலே அகன்றும் கீழே குறுகியும் இருப்பது. மேலடி ஒன்றில் தேங்கும் நீர், அடியிலுள்ள ஓரடியில் தேங்குவதைப் போலப் பன்மடங்கு. பாதி உயரம் என்றால் பாதி நீர் என்று எண்ணி நடவைக் கூட்டியவர் ஏமாந்து போவார். அடிக்கணக்கு பொறியாளருக்கு உரியது. குடியானவருக்கு வேண்டியது, இப்போதுள்ள முறைப்படி விட்டால் இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்பது. அந்த ஒரு வரியைச் சேர்த்து எழுத எவ்வளவு மை செலவாகிவிடும்?

செய்தி பிந்துவதால் விளைச்சல் குறைவது ஒன்று. உயிருக்கே ஊறு நேர்வது மற்றொன்று. தென்பெண்ணைக் கரையிலுள்ள மூங்கில்துறைப்பட்டு, திருக்கோவிலூர்ப் பகுதி அன்பர்கள் இதை மறந்திருக்க முடியாது. ஃபெஞ்சல் புயல் மழையின் காரணமாக 2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி வரை நீர் வெளியேற்றப்பட்டது. முன்னறிவிப்புப் போதவில்லை என்று எதிர்க்கட்சியினர் குற்றஞ்சாட்டினர்; ஐந்து முறை எச்சரிக்கை விடுக்கப்பட்டது என்று அரசாங்கம் மறுமொழி கூறிற்று. அவ்வழக்கில் தீர்ப்புச் சொல்ல நாம் முற்படவில்லை. எச்சரிக்கை புறப்படுவது வேறு, நள்ளிரவில் உறங்குபவரின் செவியில் அது விழுவது வேறு என்பதை மட்டும் குறித்துவைக்கிறோம்.

செவியில் விழச் செய்ததற்கும் அண்மையிலேயே உதாரணம் உண்டு. புதுச்சேரிப் பகுதியில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் கிராமங்களில் தகவல் மையங்களை அமைத்தது. வீராம்பட்டினத்து மீனவருக்கு அலையின் உயரம் பற்றிய முன்கணிப்பை, அமெரிக்கக் கடற்படை வெளியிட்ட விவரங்களிலிருந்து எடுத்துத் தமிழில் ஒலிபெருக்கி மூலம் அறிவித்து வந்தனர். எங்கோ ஒரு வல்லரசின் போர்க்கப்பலுக்காகக் கணித்தது, நம்மூர்க் கட்டுமரத்திற்குப் பயன்பட்டது! 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, நல்லவாடு கிராமத்தைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் எச்சரிக்க, ஊரார் தகவல் மையத்து ஒலிபெருக்கியில் அதனை முழங்கச் செய்தனர். மக்கள் கரையை விட்டு அகன்று உயிர் தப்பினர். அன்றாடம் அலையையும் விலையையும் சொல்லிப் பழகிய கருவியாதலால், ஆபத்து வேளையில் அதைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. இதை நாம் பெரிதும் கவனிக்க வேண்டும்.

இனி மலைக்கு வருவோம். கோமுகிக்கும் மணிமுக்தா நதிக்கும் தாய்வீடு கல்வராயன் மலை. சமவெளியில் வெயில் காய்ந்துகொண்டிருக்கையில் வெள்ளிமலையிலும் கரியாலூரிலும் மழை கொட்டுவதுண்டு. அந்த நீர் ஓடையிறங்கி அணைக்கு வந்து சேரச் சில நாழிகை ஆகும். ஆகவே நமது நீரைப் பற்றிய முதற்செய்தி மலைவாழ் மக்களின் கண்முன்னே பிறக்கிறது. அவர்களிடம் அதை யாரும் கேட்பதில்லை. 1976 வரை ஜாகிர்தார்களின் ஆதிக்கத்தில் இருந்த மலை அது. கேட்டுப் பழக்கமில்லை போலும். இன்றைக்கும் பல மலையூர்களில் செல்பேசிக்குச் சிக்னல் வேண்டுமானால் மேடு தேடி ஏறவேண்டியிருக்கிறது.

நீரின் செய்தியை முதலில் அறிகிற அதே மலை, விலையின் செய்தியைக் கடைசியில் அறிகிறது. கடுக்காய், புளி, தேன், மரவள்ளிக் கிழங்கு ஆகியவற்றைக் கொண்டு இறங்குகிறவர், அடிவாரத்தில் வியாபாரி சொல்வதையே விலையென்று ஏற்கிறார். திரும்ப மலையேற்றிக்கொண்டு போக முடியுமா? சமவெளியின் நிலையோ இதற்கு நேர்மாறு: விலையை அறிவோம், மழையை அறியோம். ஒருவரிடம் மிகுந்து மற்றவரிடம் குறைந்திருப்பதைப் பரிமாறிக்கொள்வதுதானே வாணிபம்? செய்தியில் மட்டும் அவ்வாணிபம் ஏன் நடக்கக் கூடாது?

மரவள்ளியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நமது பகுதியின் முக்கியப் பணப்பயிர் அது. கிழங்கின் விலை எடையை மட்டும் பொறுத்ததன்று. ஆலையில் மாதிரிக் கிழங்கை நீரில் அமிழ்த்தி எடைபார்த்து, மாவுச்சத்து இத்தனை ‘பாயிண்ட்’ என்று கணிக்கிறார்கள். பாயிண்டுக்கு இத்தனை ரூபாய் என்று விலை தீர்கிறது. அளவுகோல் ஆலையில், அளப்பவர் ஆலையின் ஆள், பிடுங்கிய கிழங்கோ இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடக் கூடியது. ஆலைக்கு வெளியே ஒரு பாயிண்ட் எவ்வளவு என்று சொல்ல விவசாயியிடம் ஒன்றுமில்லை. ஆலைக்காரர்களுக்கோ 1981 முதல் சேலத்தில் சேகோசர்வ் என்ற கூட்டுறவு இருக்கிறது. ஜவ்வரிசியை அங்கே டெண்டர் முறையில் விற்கிறார்கள். விற்பவர் கூடி நின்றால் என்ன பயன் என்பதை அவர்கள் கண்டுகொண்டனர். கிழங்கு பயிரிடுவோர் அதைப் பார்த்துப் பொறாமைப்படுவதில் பொருளில்லை. பார்த்துக் கற்பதில் பொருளுண்டு. சங்கத்திலேயே மாவுச்சத்து அளக்கும் தராசு ஒன்று இருக்குமானால், பிடுங்குமுன் நாலைந்து கிழங்கைக் கொண்டுவந்து பார்த்துக்கொள்ளலாம். ஆலையின் கணக்கு வேறாயிருந்தால் கேட்பதற்கு ஓர் ஆதாரம் கையில் இருக்கும்.

செய்தி சமமானால் என்ன நிகழும் என்பதற்குக் கேரளக் கடற்கரை சாட்சி. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியல் ஆராய்ச்சியாளர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், 1997 முதல் 2001 வரை காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்களில் செல்பேசி பரவியபோது மத்தி மீன் வியாபாரம் மாறிய விதத்தைக் காட்டினார். அதற்குமுன் ஒரு துறையில் மீன் வாங்க ஆளின்றிக் கொட்டப்படும். அடுத்த துறையில் மீன் போதாமல் விலை ஏறி நிற்கும். கடலிலிருந்தபடியே விலையைக் கேட்டறிந்து படகைத் திருப்பத் தொடங்கியதும் கொட்டுவது நின்றது. மீனவரின் லாபம் 8 சதவீதம் உயர்ந்தது, வாங்குவோர் கொடுத்த விலையும் 4 சதவீதம் தணிந்தது. இருவரும் பயனடைந்தனர்.

இதைக் கேட்டவுடனே ஆளுக்கொரு செல்பேசி போதுமென்று முடிவுகட்டிவிட வேண்டாம். அந்தப் படகு வேறு துறைக்குப் போகக்கூடிய படகு. முன்பணம் வாங்கிவிட்ட கிழங்கு விவசாயி வேறு ஆலைக்குப் போக இயலாதவர். பாவையும் நூலையும் முதலாளியிடம் பெற்றுக் கூலிக்கு நெய்கிற நெசவாளர் வேறு கடைக்குத் துணி கொடுக்க இயலாதவர். அவர்களுக்கு விலை தெரிந்தும் மனவருத்தமே மிச்சம். விலைச் செய்தியோடு கடன் வசதியும் கூட நடந்தாலன்றிப் பயனில்லை. நமது கடன் பிரிவும் விற்பனைப் பிரிவும் ஒன்றோடொன்று பேசாமல் இருப்பது இந்த இடத்திலேதான் உறுத்துகிறது.

நெசவாளத் தோழர்கள், அணைக்கும் மழைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக்கூடும். பாவு தோய்ந்து தெருவில் விரித்த காலையில் தூறல் விழுந்தால் நேரும் நஷ்டம் அவர்களுக்குத் தெரியாததன்று. ஐப்பசி கார்த்திகையில் குழித்தறியில் நீர் ஊறித் தொழில் முடங்குவதும் தெரியாததன்று. மலையில் மழை தொடங்கிவிட்டது என்ற சொல் விடியுமுன் வந்தால், பாவை மறுநாளைக்கு ஒத்திவைக்கலாம். நூல் விலையும் அவ்வாறே. ஏறும்போது உடனே கூறப்படுவதும், இறங்கும்போது தாமதமாகக் கூறப்படுவதும் தறிக்காரர் நெடுங்காலமாகக் கண்டுவரும் அதிசயம்.

ஆகவே நாம் வேண்டுவது பெருஞ்செலவுத் திட்டமன்று. மலைவாழ் மக்களின் பெரும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தோடு நமது சங்கங்கள் ஓர் உடன்பாடு செய்துகொள்ளலாம். மலையில் சில இடங்களில் மழைமானி வைத்து, காலை மாலை இருவேளையும் அளவைச் சொல்ல அவ்வூரார் ஒருவருக்கு மாதச் சம்பளம் தரவேண்டும். இலவச சேவையென்று அதனைக் கேட்பது நியாயமன்று. நமது வயலுக்காக அவர் உழைக்கிறார். பதிலுக்கு, கள்ளக்குறிச்சி, சின்னசேலம், தியாகதுருகம், சங்கராபுரம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் அன்று தீர்ந்த விலையும், ஆலைகளின் பாயிண்ட் விலையும் அன்று மாலையே மலைக்குச் சொல்லப்பட வேண்டும். சிக்னல் எட்டாத ஊருக்கு மேலேறும் பேருந்தில் எழுதியனுப்பலாம். ஒருநாள் பழைய விலையும் ஒருவாரம் பழைய விலையைவிட மேல். 1960-களில் தஞ்சையில் ஆடுதுறை 27 நெல்லை வானொலி கேட்டே பயிரிட்டுப் பரப்பி, அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்தார்கள் நம் குடியானவர்கள். கருவி பழையதா புதியதா என்று அவர்கள் பார்க்கவில்லை.

விலையை வெளிப்படையாக எழுதிவைத்தால் வியாபாரிக்கும் தெரிந்துவிடுமே என்று நிர்வாகக் குழுவில் சிலர் அஞ்சுவதாகக் கேள்விப்படுகிறோம். வியாபாரிக்கு அது காலையிலேயே தெரியும். தெரியாதிருப்பவர் நமது அங்கத்தினரே. காரியதரிசி விடுப்பில் போனால் யார் எழுதுவது என்ற ஆட்சேபம் இதைவிட வலுவானது. இரண்டு பேரை நியமித்து அவர்கள் பெயரைப் பலகையிலேயே எழுதிவிடுவதுதான் அதற்கு மருந்து.

பலகையைச் சங்கக் காரியாலயத்திற்குள் மாட்டுவதையும் நாம் ஆதரிக்கவில்லை. அங்கே வருபவர் சிலர். நியாயவிலைக் கடைச் சுவரிலும், பால் ஊற்றும் இடத்திலும், பாவு விரிக்கும் தெருமுனையிலும், மலையில் வெள்ளிமலைப் பேருந்து நிறுத்தத்திலும் அதை வைக்கவேண்டும். பக்கத்தில் ஓர் ஒலிபெருக்கி. அடுத்த மகாசபைக் கூட்டத்தில் இதற்கான தீர்மானத்தை எந்த அங்கத்தினரும் கொண்டுவரலாம். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் மழைமானிகள் மலையேறிவிட வேண்டும்.