மகன் தோஹாவில், வரி கும்பகோணத்தில்



வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டால் இந்தியாவில் வரியே கிடையாது என்று ஊரில் பலர் நம்புகிறார்கள். நானும் நம்பியவன்தான். தோஹாவில் இருக்கும் என் மகன் அங்கே வாங்கும் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை, அதுவரை சரி. ஆனால் கும்பகோணத்து வீட்டு வாடகையும், வெளிநாட்டில் வசிப்போர் இந்தியாவில் வைத்திருக்கும் என்ஆர்ஓ கணக்கில் அவன் போட்ட வைப்புத்தொகையின் வட்டியும் இந்திய வருமானமாயிற்றே!

வட்டியில் செஸ் சேர்த்து 31.2 சதவீதம் பிடித்தபோதுதான் விழித்தேன். வரி பிடிக்காமல் இருக்க 15ஜி படிவம் கொடுத்தால் போதும் என்று வங்கியில் ஒருவர் சொன்னதை நம்பியிருந்தேன். அது உள்நாட்டில் வசிப்பவர்களுக்கு மட்டுமாம்.

வாடகை இன்னும் சங்கடம். உரிமையாளர் வெளிநாட்டில் வசித்தால், குடியிருப்பவர்தான் வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும். சின்ன வாடகை என்று விலக்கும் இல்லை. எட்டாயிரம் ரூபாய் தரும் தையல்காரரிடம் போய் வரி பிடிப்பதற்கான ‘டான்’ எண் வாங்குங்கள் என்று எந்த வாயால் சொல்வது?

மொத்த வருமானம் விலக்கு வரம்புக்குள் இருந்ததால், கணக்குத் தாக்கல் செய்து வட்டியில் பிடித்ததைத் திரும்பப் பெற்றோம். ஆடிட்டர் கட்டணம் தனி. சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓவாக மாற்றும் அன்றே, இதையெல்லாம் தமிழில் ஒரு தாளில் அச்சடித்து வங்கிகள் கொடுக்கலாமே?

– ஒரு தந்தை, கும்பகோணம்